பி.இசட்.டி.-5எச் பீங்கான் தகடு: மின்முனைவாக்கத்தைக் கொண்டு வெப்பத்தை ஆள வாங்கலாமா?

இரு முகங்களிலும் வெள்ளி பூசி, தடிமன் திசையில் முன்னதாகவே முனைவாக்கம் செய்து (உள்ளிருக்கும் மின் இருமுனைகளை ஒரே திசையில் அடுக்கி) விற்கப்படும் பி.இசட்.டி.-5எச் (ஈய சிர்கோனேட் டைட்டனேட் வகை) பீங்கான் தகடுகளை வாங்குவோரில் பெரும்பாலோர் அதிர்வுக்காகவும் ஒலிக்காகவும்தான் வாங்குகிறார்கள். மீயொலிக் கருவிகள், நுண் நகர்த்திகள், அதிர்வு உணரிகள் ஆகியவற்றில் இந்தப் பொருள் எப்படி உழைக்கும் என்பதைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இந்த மதிப்புரை வேறொரு பயன்பாட்டை முன்வைத்து எழுதப்படுகிறது. மின்புலத்தைச் செலுத்தி ஒரு ஃபெர்ரோமின் பொருளின் (தானாகவே முனைவாக்கம் கொண்டு, அதை மின்புலத்தால் திருப்பக்கூடிய பொருளின்) வெப்பக் கடத்துத்திறனைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று கடந்த பத்தாண்டுகளாக வரும் ஆய்வு முடிவுகளைப் படித்துவிட்டு, அதைத் தம் மேசையில் செய்து பார்க்க விரும்பும் முதுகலை மாணவரோ ஆய்வாளரோ இந்தத் தகட்டை வாங்கலாமா என்பதே இங்கு கேள்வி. நான் பயன்படுத்தியது 10 மி.மீ. பக்கமுள்ள சதுரத் தகடு. தடிமன் 1 மி.மீ.

விளைவு உண்மையா என்று கண்டறிவதற்கும், நுட்பமான வெப்ப அளவீட்டில் கை பழகுவதற்கும் இந்த விலையில் இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வெப்பத்தைத் திறந்துவிடவும் அடைக்கவும் ஒரு ஸ்விட்ச் வேண்டும் என்று நினைத்து வாங்குவோர் ஏமாந்து போவார்கள். அதற்குப் பீங்கானின் தரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. விளைவின் அளவே அவ்வளவுதான்.

மின்காப்புப் பொருளில் வெப்பத்தைச் சுமப்பவை ஃபோனான்கள் எனப்படும் அணிக்கோவை அதிர்வுகள். ஃபெர்ரோமின் பொருளில் அந்த அணிக்கோவையே மின்புலத்துக்குச் செவிசாய்க்கிறது. மின்புலத்தைச் செலுத்தும்போது இரண்டு காரியங்கள் நடக்கலாம். ஒன்று, முனைவாக்கத்தின் திசை மாறுபடும் பகுதிகளான டொமைன்களுக்கு இடையே உள்ள சுவர்கள் நகர்ந்து, கூடி அல்லது குறைந்து, ஃபோனான்கள் சிதறும் அளவை மாற்றுகின்றன. சாண்டியா தேசிய ஆய்வுக்கூடமும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஈரடுக்கு பி.இசட்.டி. மென்படலத்தில் அறை வெப்பநிலையிலேயே, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், வெப்பக் கடத்துத்திறனை 11 விழுக்காடு மாற்றிக் காட்டியது இந்த வழியில்தான். மற்றொன்று, பீசோ மின்விளைவால் அணிக்கோவை நீண்டு சுருங்கும்போது ஃபோனான்களின் வேகமே மாறுகிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஹெரிமன்ஸ் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, படலமாக அல்லாமல் கட்டியாக உள்ள பி.இசட்.டி. சார்ந்த பொருளில் இதை அளந்து, மாற்றம் சிதறலால் அல்ல, அதிர்வுகளின் வேகம் மாறுவதால்தான் வருகிறது என்று வாதிட்டது. வெப்பத்தோடு முனைவாக்கத்தையும் சுமந்து செல்லும் இந்த அதிர்வுகளுக்கு அவர்கள் தரும் பெயர் ஃபெரான். கடையில் கிடைக்கும் தகடு கட்டிப் பொருள் என்பதால், 11 விழுக்காட்டை எதிர்பார்த்து இதை வாங்கக் கூடாது. ஒரு சில விழுக்காட்டு மாற்றத்தையே தேட வேண்டியிருக்கும். மதிப்புரையில் இனி வரும் எல்லாக் குறைநிறைகளும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

இனி பொருளுக்கு வருவோம். 5எச் என்பது இன்று ஒரு நிறுவனத்தின் பெயர்க்குறியாக மட்டும் இல்லாமல் ஒரு தரப்பிரிவாகவே வழங்குகிறது. அமெரிக்கக் கடற்படையின் பழைய வகைப்பாட்டில் ஆறாம் வகை என்று போட்டிருந்தாலும் ஏறத்தாழ இதே பொருள்தான். தரவுத் தாள்களில் பொதுவாகக் காணும் எண்கள்: சார்பு விடுதிறன் 3400, பீசோ மாறிலி டி33 (புலத்துக்கு எவ்வளவு நீளும் என்பதன் அளவு) நியூட்டனுக்கு 593 பிக்கோகூலூம், கியூரி வெப்பநிலை (இதைத் தாண்டினால் முனைவாக்கம் அழிந்துவிடும்) 190 டிகிரி செல்சியசை ஒட்டி. இந்த வகை மென் பி.இசட்.டி. எனப்படுவது, டொமைன் சுவர்கள் இதில் எளிதாக நகர்வதால்தான். வெப்பச் சோதனைக்கு அந்த நெகிழ்வு வரமாகவும் தொல்லையாகவும் அமைகிறது: சிறு புலத்துக்கே பெரிய திரிபு (நீள மாற்றம்) கிடைக்கிறது, ஆனால் வெப்பநிலை சற்றே ஏறினாலும் எல்லாப் பண்புகளும் இடம் மாறுகின்றன.

இணைய வழியாக நான் வாங்கிய தகடுகளின் வெள்ளிப் பூச்சு சீராக இருந்தது, முகங்கள் தட்டையாக இருந்தன, ஓரங்களில் பெயர்வு இல்லை. ஆனால் சிலவற்றில் நேர்முனையைக் காட்டும் புள்ளியே இடப்படவில்லை. அதிர்வுக்குப் பயன்படுத்துவோர் இதைப் பொருட்படுத்தாமல் விடலாம்; நமக்கு அது அடிப்படைச் செய்தி. முனைவாக்கத்தின் திசையில் புலம் செலுத்துவதும் எதிர்த்திசையில் செலுத்துவதும் ஒன்றல்ல. அலைக்காட்டி இருந்தால் தகட்டை இரு முகங்களுக்கிடையே மெல்ல அழுத்திப் பார்க்கலாம். முனைவாக்கத்தின்போது நேர்முனையாக இருந்த முகமே அழுத்தும் கணத்திலும் நேர் மின்னழுத்தத்தைக் காட்டும். சின்ன வேலைதான் என்றாலும், காசு கொடுத்து வாங்குபவர் தலையில் அது விழக் கூடாது.

தரவுத் தாளைப் பற்றி என் மனக்குறை இதைவிடப் பெரியது. விடுதிறன், இணைப்புக் கெழு, அதிர்வெண் மாறிலி, வயதாகும்போது பண்புகள் குறையும் வீதம் என்று இரண்டு பக்கங்களை நிரப்பியவர்கள், வெப்பக் கடத்துத்திறனுக்கு ஒரு வரி கூட ஒதுக்கவில்லை. பி.இசட்.டி. பீங்கான்களுக்கு அது மீட்டர் கெல்வினுக்கு 1-லிருந்து 1.5 வாட் வரை இருக்கும் என்று ஆய்வு நூல்களைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. தகட்டின் நுண்துளை அளவு, மணிகளின் (நுண்படிகங்களின்) பருமன் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும் என்பதால், வாங்கியவர் தாமே அளந்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, கம்பி இணைப்பு. இந்தத் தகட்டைப் பாழாக்க மிகச் சுலபமான வழி சால்டரிங் இரும்பு. சாதாரண ஈயம்-தகரக் கலவை 183 டிகிரியில் உருகுகிறது. ஈயமில்லாத கலவை 217 டிகிரியை ஒட்டி. தகட்டின் கியூரி வெப்பநிலையோ 190 டிகிரி அளவில்தான். இரும்பின் முனை 300 டிகிரிக்கு மேல் இருக்கும் நிலையில், முனை தொட்ட இடத்தைச் சுற்றியுள்ள பீங்கான் தன் முனைவாக்கத்தை இழந்துவிடுவது உறுதி என்றே கொள்ளலாம். அதிர்வுக் கருவியில் ஓர் ஓரப் புள்ளி செத்துப்போவது பெரிதல்ல. ஓரிரு விழுக்காட்டைத் தேடும் வெப்ப அளவீட்டில் பரப்பின் ஒரு பகுதி புலத்துக்கு வேறுவிதமாக நடந்துகொள்வதை ஏற்க முடியாது. பிஸ்மத்-தகரக் கலவை 138 டிகிரியிலேயே உருகும் என்றாலும், இயல்பாகச் சொல்லப்படும் பாதுகாப்பு வரம்பு கியூரி வெப்பநிலையில் பாதி என்பதால், அதுவும் எனக்கு நிம்மதி தரவில்லை. வெள்ளித் துகள் கலந்த எபாக்சியை அறை வெப்பநிலையில் உலரவிட்டு, மெல்லிய செப்புத் தகடு ஒட்டுவதே மேல். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: தடித்த கம்பியின் வழியே வெப்பம் கசிந்து ஓடுவது தவிர்க்கப்படுகிறது.

கைபடும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை விற்பவர்கள் அரிதாகவே சொல்கிறார்கள். வெப்பநிலை மாறினால் முனைவாக்கத்தின் அளவும் மாறி, முகங்களில் மின்னூட்டம் சேரும். பைரோ மின்விளைவு என்பது இதுதான். மேற்சொன்ன அளவுள்ள தகட்டின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 3 நானோஃபாரட். இரு முகங்களும் திறந்திருக்க, தகடு விரைவாக 10 டிகிரி சூடேறினால், மின்வாய்களுக்கிடையே நூறு வோல்ட்டுக்கு மேல் எழ இடமுண்டு. வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் மில்லிவோல்ட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நூறு வோல்ட் வந்து நின்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. மின்னழுத்தம் செலுத்தாத நேரங்களில் இரு முகங்களையும் குறுக்கிணைத்தே வைக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம், ஏனெனில் இந்தப் பொருளை மதிப்பிடும் அளவுகோல் அங்கேதான் இருக்கிறது. கடத்துத்திறன் 1.2 என்று எடுத்துக்கொண்டால், தகட்டின் வெப்பத்தடை வாட்டுக்கு ஏறத்தாழ 8 டிகிரி. இரு முகங்களுக்கும் இடையே 10 டிகிரி வேறுபாட்டை நிறுத்தினால் 1.2 வாட் வெப்பம் பாயும். மின்புலத்தால் கடத்துத்திறன் 2 விழுக்காடு மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், நாம் கையாளுவது 24 மில்லிவாட். தகட்டின் இருபுறமும் பூசும் தெர்மல் பேஸ்ட், 20 மைக்ரான் தடிமன் இருந்தாலே, ஒவ்வொன்றும் வாட்டுக்கு 0.2 டிகிரி தடையைச் சேர்க்கும். அதாவது, நாம் தேடும் மாற்றத்தைவிட இரண்டு பசைப் பூச்சுகளின் தடை பெரிது. பசை நிலையாக இருந்தால் கவலையில்லை. ஆனால் 1000 வோல்ட் செலுத்தும்போது தகடு 0.6 மைக்ரான் தடிக்கிறது. பசையின்றி, இரண்டு செப்புக் கட்டைகளுக்கிடையே திருகாணி போட்டு இறுக்கிப் பிடித்திருந்தால், அந்தத் தடிப்பு தொடுகையின் அழுத்தத்தை மாற்றி, வெப்பக் கடத்தல் கூடியதுபோல ஒரு போலிச் சைகையைக் கொடுக்கும். அது மின்னழுத்தத்தோடு ஒத்திசைந்து வருவதால் பார்ப்பவருக்கு மிகவும் நம்பத் தகுந்ததாகவும் தோன்றும். மெல்லிய எபாக்சியால் ஒட்டுவது, அல்லது பேஸ்ட் பூசி மென்சுருள் ஒன்றால் மட்டும் அழுத்துவது ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் பரிந்துரைப்பேன்.

மின்னழுத்தம் செலுத்துவதிலும் சிக்கல் இருக்கிறது. 1 மி.மீ. தடிமனுக்கு 1000 வோல்ட் என்பது 5எச் பீங்கானுக்குத் தாங்கக்கூடிய புலம்தான். காற்று அதை ஓரத்தில் தாங்குமா என்பதே சந்தேகம். நான் வாங்கிய தகடுகளில் வெள்ளிப் பூச்சு விளிம்பு வரை நீண்டிருந்தது; விளிம்பில் ஈரமோ தூசியோ இருந்தால் தீப்பொறி தாவும். ஈரப்பதம் மிகுந்த கடற்கரை நகரங்களில், நீண்ட நேரம் ஒரே திசை மின்னழுத்தத்தில் வைத்தால் வெள்ளியே பக்கவாட்டில் நகர்ந்து பாதை போட்டுவிடக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. வழக்கமான மருந்து, தகட்டைச் சிலிகோன் எண்ணெயில் மூழ்கவைப்பது. வெப்பச் சோதனையில் அந்த மருந்து பலிக்காது, ஏனெனில் எண்ணெயே தகட்டுக்கு இணையாக இன்னொரு வெப்பப் பாதையாகிவிடும். வெற்றிடத்துக்குப் போகலாம் என்று எண்ணினால், அரைகுறை வெற்றிடம் இன்னும் மோசம்: தாழ்ந்த அழுத்தத்தில் காற்று 330 வோல்ட் அளவிலேயே முறிந்துவிடும் ஒரு பகுதி உண்டு, சாதாரணச் சுழல் பம்பு கொண்டுசேர்க்கும் இடம் அதற்கு அண்மையில்தான். நல்ல உயர் வெற்றிடம் வைத்திருப்பவர்கள் அதில் செய்யலாம். இல்லாதவர்கள் உலர்ந்த காற்றிலேயே, விளிம்பைச் சிலிகோன் ரப்பரால் மெல்லப் பூசிவிட்டுச் செய்வது பாதுகாப்பானது. விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டு வெள்ளி பூசிய தகடுகளை விற்பனையாளர் கொடுத்திருந்தால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி இராது.

மின்புலத்தைச் செலுத்திய உடனே வெப்பநிலை சற்று உயர்வதும், எடுத்ததும் சற்றுத் தாழ்வதும் தெரியும். இது வெப்பக் கடத்துத்திறனில் வந்த மாற்றமன்று, எலக்ட்ரோகலோரிக் விளைவு. (இதே குடும்பத்து மென்படலம் ஒன்றில் 2006-இல் 12 டிகிரி வரை இந்த விளைவு காட்டப்பட்டது, தடித்த தகட்டில் அத்தகைய எண்ணை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.) தகட்டுக்குள் வெப்பம் சீராகக் கால் நொடி அளவே போதும் என்றாலும், ஒட்டியிருக்கும் செப்புக் கட்டைகள் நிலைகொள்ள நேரமெடுக்கும். புலத்தை மாற்றியபின் பொறுத்திருந்து, நிலைத்த மதிப்பை மட்டுமே எடுக்க வேண்டும்.

முனைவாக்கத்தை முழுவதும் புரட்டி வெப்பத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணமும் பலருக்கு வருகிறது, கணக்கோ அதற்கு எதிராக நிற்கிறது. 5எச் பொருளின் முனைவைப் புரட்ட மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 800 வோல்ட் வேண்டும். எஞ்சிய முனைவாக்கம் சதுர மீட்டருக்கு 0.3 கூலூம் அளவு. இந்த இரண்டு எண்களிலிருந்து தயக்கக் கண்ணியின் (புலத்துக்கு எதிரே முனைவாக்கத்தை வரைந்தால் கிடைக்கும் மூடிய வளைவின்) பரப்பைக் கணித்தால், ஒரு முழுச் சுற்றுக்கு நம் தகட்டிலேயே 0.1 ஜூல் வெப்பமாக வீணாகிறது. நொடிக்கு ஒரு சுற்று என்று ஓட்டினால் 100 மில்லிவாட்; நாம் கட்டுப்படுத்த முயல்வதோ 24 மில்லிவாட். பிடிக்க வந்த வெப்பத்தைவிடப் பிடிக்கும் முயற்சி அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆகவே முனைவாக்கத்தின் திசையிலேயே புலத்தைக் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்திக்கொண்டு, எதிர்த்திசையில் 300 வோல்ட்டைத் தாண்டாமல் இருப்பதே இந்தத் தகட்டை வைத்து வேலை செய்யும் முறை. எதிர்த்திசைச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்: கசிவு மின்னோட்டத்தால் சூடேறுவது புலத்தின் திசையைப் பார்ப்பதில்லை, பீசோ திரிபால் வரும் மாற்றமோ திசை மாறினால் குறியும் மாறும். இரண்டையும் பிரித்தறிய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

மாற்றுப் பொருள்களோடு ஒப்பிட்டால் எது தேறும்? 5ஏ வகையில் கியூரி வெப்பநிலை 350 டிகிரியை ஒட்டி இருப்பதால் சால்டரிங் பயம் பெரிதும் குறையும், வெப்பநிலை மாறினாலும் பண்புகள் நிலைத்து நிற்கும். ஆனால் டி33 374 மட்டுமே என்பதால் அதே புலத்துக்குத் திரிபு குறைவு. விளைவைத் தேடுவோருக்கு 5எச், நிலைத்தன்மை தேடுவோருக்கு 5ஏ என்று தேர்ந்துகொள்ளலாம். பி.எம்.என்.-பி.டி. (ஈய மக்னீசியம் நியோபேட்-ஈய டைட்டனேட்) ஒற்றைப் படிகங்களின் டி33 1500-ஐத் தாண்டுவதால் ஆய்வாளர்களின் கண் அவற்றின்மேல் இருப்பது நியாயமே. எனினும் விலை பன்மடங்கு, கைதவறினால் விரிசல், நூறு டிகிரிக்குக் கீழேயே படிக அமைப்பு மாறிவிடும் என்ற வரம்பு ஆகியவற்றைப் பார்க்கும்போது, பி.இசட்.டி.யில் அளவீட்டுக் கருவியைச் செம்மை செய்த பிறகே அவற்றுக்குப் போவது அறிவுடைமை. பல அடுக்குப் பீசோக்களில் 100 முதல் 150 வோல்ட்டிலேயே போதிய புலம் கிடைத்துவிடும் என்பது பெரிய கவர்ச்சிதான். உள்ளே நூற்றுக்கணக்கான உலோக ஏடுகள் இருப்பதால் அளப்பது பீங்கானின் கடத்துத்திறனா, பீங்கானும் உலோகமும் சேர்ந்த கலவையின் கடத்துத்திறனா என்ற கேள்வி கூடவே வரும். புலத்தால் வரும் மாற்றத்தை மட்டும் காண விரும்புவோருக்கு அது தடையாகாது.

ஸ்விட்ச் என்று சொல்லத்தக்க எண்கள் வேறோர் இடத்திலிருந்து வந்திருக்கின்றன. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்ஃபெர்ரோமின் பொருளான (அடுத்தடுத்த முனைவுகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்யும் பொருளான) ஈய சிர்கோனேட்டின் மென்படலம், 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில், 150 நானோநொடிக்குள், வெப்பக் கடத்துத்திறனை 2.2 மடங்குக்கு மேல் மாற்றிக் காட்டியது. ஒரு கோடிச் சுற்றுகளைத் தாண்டியும் உழைத்தது. அங்கே புலம் படிகத்தின் கட்டமைப்பையே ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றுகிறது. ஆனால் அந்தப் படலம் கடையில் கிடைக்கும் சரக்கன்று, அதை அளக்க லேசர் துடிப்புகளால் பரப்பின் வெப்பநிலையைப் படிக்கும் கருவி வேண்டும். நம் தகட்டுக்கு இரண்டு தெர்மோகப்பிளும், மின்னோட்ட வரம்புள்ள ஓர் உயர் மின்னழுத்த மூலமும், பொறுமையும் இருந்தால் போதும்.

வாங்க முடிவு செய்தவர்கள் தேவைக்கு மேல் சிலவற்றைச் சேர்த்தே வாங்க வேண்டும், ஏனெனில் ஒட்டிய தகட்டைக் கழற்றி மறுபடி ஒட்டினால் முந்தைய எண் திரும்ப வருவதில்லை. ஒன்றையாவது கியூரி வெப்பநிலைக்கு மேல் சூடாக்கி முனைவாக்கத்தை நீக்கிவிட்டு, ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். முனைவாக்கம் இல்லாத தகட்டிலும் அதே மாற்றம் தெரிந்தால், கோளாறு கருவியில் இருக்கிறது. எடையில் பாதிக்கு மேல் ஈயம் கொண்ட பொருள் என்பதால் இதை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. ஆணையில் தகட்டின் அளவோடு, நேர்முனைக் குறி, விளிம்பில் வெள்ளி விடாத இடைவெளி, முனைவாக்கம் செய்த நாள் ஆகிய மூன்றையும் எழுதிக் கேட்டால் பெரும்பாலான விற்பனையாளர்கள் தருகிறார்கள்.